பழைய பைக்கில் செயின் தொந்தரவு: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

செயின் சத்தம் போட ஆரம்பித்ததும் ஆக்சில் நட்டைத் தளர்த்தி, வீலைப் பின்னால் இழுத்து, டைட் வைத்துவிடுவது பலருடைய வழக்கம். புது வண்டியில் அது பெரும்பாலும் சரியாகவே போகும். நாற்பது ஐம்பது வருடம் ஓடிய வண்டியில் அப்படிப் போகாது. அதில் செயின் மட்டும் தேய்ந்திருக்காது; செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட், ஹப் ரப்பர், பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆர்மின் புஷ், கியர்பாக்ஸ் பேரிங் எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்திருக்கும். எதிலிருந்து சத்தம் வந்தாலும் காதுக்குச் செயின் சத்தம் போலவே கேட்கும். அதனால் இங்கே அறிகுறிகளை வைத்தே போகிறேன். உங்கள் வண்டியில் எது தெரிகிறதோ அங்கே போய்ப் படிக்கலாம். முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் வைத்து, இன்ஜினை அணைத்துவிடுங்கள். பின்சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றுகிற செயினில் துணியைப் பிடித்துத் துடைப்பவர்கள் இருக்கிறார்கள். துணியின் நுனி பல்லில் மாட்டினால் கையை இழுத்துக்கொள்ள நேரமே கிடைக்காது, விரல் போய்விடும். தயவுசெய்து இதை ஒரு தடவைகூடச் செய்யாதீர்கள்.

கீழ்ப்பக்கம் ஓடும் செயினின் நடுவில், இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் சம தூரத்தில், ஒரு இரும்பு ஸ்கேலை நிறுத்திப் பிடியுங்கள். ஒரு விரலால் செயினைக் கீழே இழுங்கள், அப்புறம் மேலே தள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள மொத்தத் தூரம்தான் ஆட்டம். சக்கரத்தைக் கொஞ்சம் சுற்றி மறுபடியும் அளந்து பாருங்கள். இப்படிச் செயின் முழுவதும் ஒரு சுற்று வரும் வரை அளந்தால், ஓரிடத்தில் ஆட்டம் மிகக் குறைவாக இருக்கும். அந்தக் கண்ணியில் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். இனி எந்த அளவு எடுத்தாலும், எந்த அட்ஜஸ்ட்மென்ட் செய்தாலும் அந்த டைட்டான இடத்தில் வைத்துத்தான்.

எவ்வளவு ஆட்டம் வேண்டும்? உங்கள் வண்டியின் மேனுவல் சொல்வதுதான் கணக்கு. இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர் உள்ள பெரும்பாலான பழைய வண்டிகளில் அது 20 முதல் 30 மி.மீ.க்குள் வரும். மேனுவல் கையில் இல்லையென்றால் வடிவக் கணக்கை நம்பலாம். முன் ஸ்ப்ராக்கெட்டின் மையம், ஸ்விங் ஆர்மின் கீல், பின் ஆக்சில் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஒருவரையோ இருவரையோ சீட்டில் உட்காரவைத்து அந்த நிலைக்குக் கொண்டு வாருங்கள். அப்போதும் செயினில் விரலால் அசைக்கக்கூடிய ஆட்டம் மிச்சம் இருக்க வேண்டும். பின்பக்கம் சஸ்பென்ஷனே இல்லாத பழைய ஃபிரேம்களில் இந்தக் கவலை கிடையாது, தூரம் மாறுவதில்லை.

ஆக்சிலரேட்டரை விட்டால் 'டக்', முறுக்கினால் மறுபடி 'டக்'

செயின் லூஸ் என்று முடிவு கட்டும் முன் ஆட்டத்தை அளந்து பாருங்கள். 40 மி.மீ.க்கு மேல் தொங்குகிறது, ஸ்விங் ஆர்மின் மேல்பக்கத்திலோ செயின் கவரின் உள்பக்கத்திலோ பெயின்ட் உரிந்து பளபளப்பான கோடு விழுந்திருக்கிறது என்றால் செயின்தான் அங்கே அடிக்கிறது. அட்ஜஸ்ட் செய்தால் தீர்ந்துவிடும்.

ஆட்டம் சரியாக இருந்தும் குலுக்கல் வருகிறதா? செயினை விட்டுவிடுங்கள். வண்டியைக் கியரில் போட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்தபடி பின் ஸ்ப்ராக்கெட்டைக் கவனியுங்கள். சக்கரம் நன்றாக நகர்ந்த பிறகுதான் ஸ்ப்ராக்கெட் நகர்கிறது என்றால் ஹப்புக்குள் இருக்கும் ரப்பர்கள் நசுங்கிப் போயிருக்கின்றன. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் அதிர்ச்சி தாங்கும் அமைப்பு ரப்பரில் இருக்காது. இன்ஜின் ஷாஃப்டின் நுனியில் ஸ்பிரிங்கும் கேமுமாக இருக்கும். அங்கே ஸ்பிரிங் தளர்ந்தாலும் இதே 'டக்' கேட்கும். செயினை எவ்வளவு இழுத்தாலும் இந்தச் சத்தம் போகாது. இழுத்ததால் பேரிங் கெட்டதுதான் மிச்சமாகும்.

ஓரிடத்தில் தொங்குகிறது, இன்னோரிடத்தில் விறைப்பாக இருக்கிறது

பழைய வண்டிகளில் அதிகம் வருவதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இந்த அறிகுறிதான். கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

டைட்டான இடத்துக்கு நீங்கள் போட்ட சாக்பீஸ் கோடு இருக்கிறது. அதே நேரத்தில் அந்தக் கண்ணிக்கு அருகில் உள்ள பின் ஸ்ப்ராக்கெட் பல்லிலும் ஒரு கோடு போடுங்கள். இப்போது சக்கரத்தைச் சுற்றுங்கள். உதாரணமாக, செயினில் 100 கண்ணி, பின் ஸ்ப்ராக்கெட்டில் 38 பல் என்று வைத்துக்கொள்வோம். செயின் ஒரு முழுச் சுற்று வருவதற்குள் சக்கரம் இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். அதனால் இரண்டு கோடுகளும் உடனே பிரிந்துபோகும். டைட்டான இடம் செயினில் உள்ள கோட்டோடு சேர்ந்து வந்தால் குறை செயினில். சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை, பல்லில் உள்ள கோட்டோடு வந்தால் பின் ஸ்ப்ராக்கெட் மையம் விலகி உட்கார்ந்திருக்கிறது: போல்ட் தளர்ந்திருக்கலாம், உட்காரும் இடத்தில் துரு படிந்திருக்கலாம், ஸ்ப்ராக்கெட்டே வட்டம் தப்பியதாக இருக்கலாம். முன் ஸ்ப்ராக்கெட் சின்னது, அதனால் அதன் குறை இன்னும் சீக்கிரம் சீக்கிரமாகத் திரும்ப வரும். புது செயின் வாங்கும் முன் இந்தப் பத்து நிமிடச் சோதனையைச் செய்தால், தேவையில்லாத செலவைத் தவிர்க்கலாம்.

குறை செயினில்தான் என்றால் தேய்மானத்தை அளந்துவிட வேண்டும். செயின் நீளுகிறது என்று சொல்கிறோமே, இரும்புத் தகடு இழுபட்டு நீள்வதில்லை. ஹான்ஸ் ரெனால்ட் 1880-ல் மான்செஸ்டரில் உருவாக்கிய புஷ்-ரோலர் செயினின் அமைப்புதான் இன்றைக்கும் இருக்கிறது: தகடுகளை ஒரு ரிவிட் கோக்கும், ரிவிட்டைச் சுற்றி ஒரு புஷ், அதன்மேல் சுழலும் ரோலர். தேய்வது ரிவிட்டும் புஷ்ஷும் உரசும் இடம். ஒவ்வொன்றிலும் 0.1 மி.மீ. தேய்ந்தாலே 100 கண்ணிச் செயின் 10 மி.மீ. கூடிவிடும். எல்லா ரிவிட்டும் ஒரே அளவு தேய்வதில்லை, எண்ணெய் போகாத இடம் அதிகம் தேயும். டைட்டும் லூஸும் மாறி மாறி வருவது அதனால்தான்.

அளப்பதற்குச் செயினை இறுக்கிப் பிடித்து 21 ரிவிட்டுகளை எண்ணுங்கள். முதல் ரிவிட்டின் மையத்திலிருந்து கடைசி ரிவிட்டின் மையம் வரை 20 கண்ணி. அரை அங்குலக் கண்ணி, அதாவது 428 போல 4-ல் தொடங்கும் செயின் என்றால் புதிதில் அது 254 மி.மீ. இருக்கும். அது 259-ஐத் தொட்டால் 2 சதவீதம் தேய்ந்துவிட்டது. 520, 530 போன்ற 5-ல் தொடங்கும் செயினுக்குக் கண்ணி அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு. 20 கண்ணி புதிதில் 317.5 மி.மீ., எல்லை சுமார் 324 மி.மீ. ஓ-ரிங், அதாவது கிரீஸை உள்ளே அடைத்துவைக்கும் ரப்பர் வளையம், இல்லாத சாதாரண செயினுக்கு 2 சதவீதம் கடைசி எல்லை. ஓ-ரிங் செயினில் நான் அவ்வளவு தூரம் காத்திருக்க மாட்டேன், 1 சதவீதத்திலேயே மாற்றிவிடுவேன். அதற்குள் கிரீஸைக் காத்துவந்த ரப்பர் போயிருக்கும். மூன்று வெவ்வேறு இடங்களில் அளந்து, அதிகமானதைக் கணக்கில் எடுங்கள்.

ஸ்கேல் இல்லையா? பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்கோடியில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் பாருங்கள். பல்லின் பாதி உயரத்துக்கு மேல் வெளியே தெரிந்தால் செயினின் காலம் முடிந்தது.

சக்கரத்தைச் சுற்றினால் ஒழுங்காக ஒரு 'டிக்' கேட்கிறது

ஒரு கண்ணி மடங்காமல் விறைத்திருக்கும். சக்கரத்தைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றி, முன் ஸ்ப்ராக்கெட்டிலிருந்து செயின் பிரிந்து வரும் இடத்தைப் பாருங்கள். எல்லாக் கண்ணிகளும் நேராகும்போது ஒன்று மட்டும் முதுகு வளைந்தபடியே வரும். மண்ணெண்ணெயில் நனைத்து, இரண்டு கையாலும் பக்கவாட்டில் மெல்ல அசைத்து, அப்புறம் எண்ணெய் விடுங்கள். பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். விறைத்தது செயினின் இரண்டு நுனிகளையும் கிளிப் போட்டுச் சேர்க்கும் கண்ணியே (செயின் லாக்) என்றால், பக்கத்தகட்டை அளவுக்கு மீறி அழுத்தி ஏற்றியிருக்கிறார்கள். லாக்கின் கால் நுனியில் மிக லேசாக ஒரு தட்டுத் தட்டினால் தகடு கிளிப்பை ஒட்டி வெளியே வந்து உட்காரும், கண்ணி இளகும்.

வேகம் கூடக்கூட ஒரு முனகல், ஆள் ஏறினால் இன்னும் அதிகம்

செயின் டைட். உடனே தளர்த்துங்கள், இந்த ஒன்றை நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம். லூஸான செயின் சத்தம் போட்டுக் கூப்பிடும். டைட்டான செயின் அமைதியாகக் கியர்பாக்ஸின் வெளி பேரிங்கைத் தின்னும். பேரிங் ஆட ஆரம்பித்ததும் எண்ணெய் சீலும் போகும், முன் ஸ்ப்ராக்கெட்டின் பின்னால் எண்ணெய் கசியும். செயினைத் தளர்த்திய பிறகு முன் ஸ்ப்ராக்கெட்டை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் அது செயின் வேலை இல்லை, கியர்பாக்ஸைப் பிரிக்கும் வேலை.

ஏற்றத்தில் முறுக்கினால் 'கடகட'வென்று தாண்டுகிறது

செயின் பல்லைத் தாண்டுகிறதா, கிளட்ச் நழுவுகிறதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். கிளட்ச் நழுவினால் இன்ஜின் சத்தம் மட்டும் வழவழவென்று ஏறும், அடி விழாது. செயின் தாண்டினால் காலடியில் அடி விழுவது தெரியும். ஸ்ப்ராக்கெட் பல்லை உற்றுப் பாருங்கள். நல்ல பல் இருபக்கமும் ஒரே சரிவாக இருக்கும். தேய்ந்த பல் அலை மடிவதுபோல ஒரு பக்கம் கொக்கியாக வளைந்திருக்கும். இந்த நிலையில் புது செயினை மட்டும் போட்டால் பழைய பல்லின் இடைவெளி அதற்குப் பொருந்தாது, சீக்கிரமே புதுசும் பாழாகிவிடும். செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்தே மாற வேண்டும்.

ஒரு பக்கத் தகடு மட்டும் தேய்கிறது, அல்லது செயின் கழன்று விழுகிறது

கழன்ற செயின் முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் கேஸுக்கும் நடுவில் சுருண்டால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும், அலுமினிய கேஸே உடையும். அதனால் ஒரு முறை கழன்றதைக்கூட லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காரணம் பெரும்பாலும் நேர் தவறியது. வீலைக் கழற்றி மாட்டும்போது ஸ்பேசர் பக்கம் மாறியிருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள். அடுத்து, ஸ்விங் ஆர்மில் செதுக்கிய கோடுகளை அப்படியே நம்பாதீர்கள். நான் ஒரு பழைய வண்டியில் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் வைத்தும், இடது உள்தகடு கண்ணாடி போலப் பளபளவென்று தேய்ந்துகொண்டே வந்தது. மூன்றாவது முறை ஒரு சைக்கிள் ஸ்போக்கை எடுத்தேன். ஒரு நுனியைக் கூர்மையாக்கி ஸ்விங் ஆர்ம் கீலின் மையத்தில் வைத்து, மறு நுனியை ஆக்சில் மையத்துக்கு நேராக வளைத்தேன். அதே கம்பியை வலது பக்கம் கொண்டுபோனால் நுனி 4 மி.மீ. தள்ளி நின்றது. எப்போதோ ஸ்விங் ஆர்மை வெல்டிங் செய்து, கோடுகளைக் கையால் மறுபடி செதுக்கியிருக்கிறார்கள். அன்றிலிருந்து எந்த வண்டியானாலும் கம்பி அளவுதான் எனக்கு அளவு.

ராயல் என்ஃபீல்ட் புல்லட்டில் உள்ளதுபோல ஆக்சிலை நகர்த்த நத்தை வடிவ கேம் இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கைப் பள்ளத்தில் வைப்பது நல்ல தொடக்கம். அதையும் கம்பியால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கடைசியாகப் பின்னால் குனிந்து, மேல் ஓட்டச் செயினை ஒற்றைக் கண்ணால் நோக்குங்கள். வளைவில்லாமல் கோடு போலப் போக வேண்டும். இவ்வளவு செய்தும் நேர் நிற்கவில்லை என்றால் பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள்; ஸ்விங் ஆர்ம் புஷ்ஷோ வீல் பேரிங்கோ போயிருக்கும்.

கண்ணிகளின் ஓரத்தில் செம்பழுப்புப் பொடி

வெளியே எண்ணெய் மின்னினாலும் உள்ளே ரிவிட்டுக்கு எண்ணெய் போகவில்லை என்று அர்த்தம். ஓட்டிவந்த சூட்டோடு, கீழ் ஓட்டத்தின் உள்பக்கமாக, தகடுகளின் இடுக்கில் எண்ணெய் விடுங்கள். சுற்றும் வேகமே அதை வெளியே தள்ளி ரிவிட்டுக்குக் கொண்டுபோகும். இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் மிச்சத்தைத் துடைத்துவிட்டால் டயரில் தெறிக்காது. ஓ-ரிங் செயினுக்கு பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் ஆகாது. ஜாவா போல முழு மூடிக்குள் செயின் ஓடும் வண்டிகளில் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கிழிந்தால் மூடிக்குள் போன மண் வெளியே வராது.

மாற்றத்தான் வேண்டும் என்றான பிறகு

பழைய செயினைக் கழற்றி எறிந்துவிட்டு வேலையைத் தொடங்காதீர்கள். முதலில் கண்ணிகளை எண்ணுங்கள். பழையதின் பக்கத்தில் புதியதை நீட்டி வைத்து வெட்டினால், தேய்ந்து நீண்ட அளவுக்கு வெட்டி ஏமாந்துபோவீர்கள். எண்ணிக்கை இரட்டைப்படையாக வர வேண்டும். ஒற்றைப்படைக்கு வளைந்த அரைக்கண்ணி கிடைக்கும், ஆனால் செயினின் பலவீனமான இடம் அதுதான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அதிகப்படிக் கண்ணியைக் கழற்ற, ரிவிட்டின் தலையை முதலில் அரம் போட்டுத் தேய்த்துவிட்டு, செயின் கட்டரால் தள்ளுங்கள்.

முன் ஸ்ப்ராக்கெட்டையும் மாற்றுவதானால் பழைய செயின் மாட்டியிருக்கும்போதே அதன் நட்டைத் தளர்த்திவிடுங்கள். மடித்த பூட்டு வாஷரை முதலில் நிமிர்த்த வேண்டும். நார்ட்டன் போன்ற சில வண்டிகளில் அந்த நட் இடது மரை. தெரியாமல் பலம் போட்டால் இன்னும் இறுகும். ஸ்ப்ராக்கெட்டை மாற்றாமல் செயின் மட்டும் என்றால் வேலை சுலபம். பழைய செயினின் லாக்கைக் கழற்றி, அதன் மேல் நுனியில் புது செயினைக் கோத்து, கீழ் நுனியை மெல்ல இழுங்கள். கண்ணுக்குத் தெரியாத முன் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றிப் புதுசு தானாக வந்துவிடும். இரண்டு நுனிகளையும் பின் ஸ்ப்ராக்கெட்டின் அடுத்தடுத்த பற்களில் உட்காரவைத்தால் லாக் போட மூன்றாவது கை வேண்டியிருக்காது.

ஓ-ரிங் செயினுக்கு மாறுவதானால், அது சாதாரண செயினைவிட அகலம் என்பதை நினைவில் வையுங்கள். பழைய கேஸுக்குள் உரசாமல் சுற்றுகிறதா என்று கையால் சுற்றிப் பார்க்காமல் ஓட்ட வேண்டாம்.

கிளிப்பின் மூடிய பக்கம் செயின் போகும் திசையைப் பார்க்க வேண்டும். மேல் ஓட்டத்தில் செயின் முன்னோக்கிப் போகும், அதனால் அங்கே மூடிய பக்கம் இன்ஜினைப் பார்த்து இருக்கும். திறந்த வாய் முன்னால் இருந்தால் எதிலாவது உரசும்போது கிளிப் வாயைத் திறந்துகொண்டு போய்விடும். கிளிப் இரண்டு காலின் பள்ளத்திலும் முழுதாக உட்கார்ந்ததா என்று ஸ்க்ரூடிரைவர் நுனியால் தடவிப் பாருங்கள். பழைய கிளிப்பை மறுபடி போடாதீர்கள்.

அட்ஜஸ்ட் செய்து முடித்ததும் புதிதாக ஏதோ தொந்தரவு

கியர்பாக்ஸ் தனியாக இருக்கும் பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில், இன்ஜினிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஓடும் உள் செயினை அட்ஜஸ்ட் செய்யக் கியர்பாக்ஸையே நகர்த்துவார்கள். அது நகர்ந்தால் பின் செயினின் ஆட்டமும் மாறும். அதனால் முதலில் உள் செயின், பிறகு பின் செயின். வரிசை மாறினால் முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான்.

ஆக்சில் நட்டை இறுக்கியதும் ஆட்டம் மாறிவிட்டதா? ஆக்சில் அட்ஜஸ்டரில் நன்றாகப் பதியவில்லை. நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, கீழ் ஓட்டத்தில் செயின் பின் ஸ்ப்ராக்கெட்டில் ஏறும் இடத்தில் சுருட்டிய துணியை வைத்து, விரலை எடுத்துவிட்டு, சக்கரத்தை முன்னோக்கிச் சிறிது உருட்டுங்கள். செயின் விறைத்து ஆக்சிலை முன்னால் இழுத்துப் பதிய வைக்கும். அந்த நிலையிலேயே இறுக்கி, துணியை எடுத்து, சாக்பீஸ் கோட்டில் மறுபடி அளந்து பாருங்கள்.

பிரேக் பிடித்தபடியே இருக்கிறது, பிரேக் லைட் அணையவில்லை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. வீல் பின்னால் போனதும் பிரேக் ராடு இழுபட்டிருக்கிறது. அதன் நட்டைத் தளர்த்தி பெடலுக்கு உரிய ஆட்டத்தைக் கொடுங்கள். டிரம் தகட்டைப் பிடித்திருக்கும் டார்க் ஆர்ம் நட்டைத் தளர்த்தியிருந்தால் அதை மறுபடி இறுக்கி, புது ஸ்பிளிட் பின் போட்டு, நுனிகளை மடித்துவிடுங்கள். அது கழன்றால் பிரேக் பிடித்த நொடியில் டிரம் தகடு சக்கரத்தோடு சுற்றும். புது செயின் முதல் 300 கிலோமீட்டரில் படிந்து கொஞ்சம் லூஸாகும். அப்போது அதே சாக்பீஸோடு கீழே உட்கார்ந்து, டைட்டான இடத்தைப் புதிதாகத் தேடி இன்னொரு முறை அளந்துவிடுங்கள்.